அப்பா இறந்த பிறகு வீட்டில் இருந்த துப்பாக்கி: 19 மாத அலைச்சலில் கற்றுக்கொண்டவை

2023 அக்டோபரில் ஆயுத பூஜை அன்று அப்பா தன் 12 போர் (குழல் அளவைச் சொல்லும் பெயர்) ஒத்தைக் குழல் துப்பாக்கியை வழக்கம்போல எண்ணெய் போட்டுத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மண்வெட்டி, கொழு, மோட்டார் ஸ்பேனர்களோடு சேர்த்துக் கும்பிட்டார். அடுத்த வாரம் மாரடைப்பில் போய்விட்டார். 16ஆம் நாள் காரியம், பாலக்கோட்டில் இருக்கும் தங்கையைக் கொண்டுபோய் விடுவது, கேழ்வரகு அறுவடை என்று நாட்கள் ஓடின. துப்பாக்கி பீரோவுக்குள் அப்படியே இருந்தது. உரிமப் புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உரிமம் 2025 வரை செல்லும் என்று புத்தகத்திலேயே எழுதியிருந்தது. 2024 மார்ச் 16ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். மூன்றாம் நாள் ஏட்டு ஒருவர் கையில் பட்டியலோடு வந்து, "பெரியவர் இருக்காருங்களா, துப்பாக்கியை ஸ்டேஷன்ல வைக்கணும்" என்றார். அப்பா தவறி ஐந்து மாதம் ஆகிறது என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "அப்போ இத்தனை நாளா துப்பாக்கி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

துப்பாக்கி உரிமம் ஆளுக்குக் கொடுப்பது, வீட்டுக்குக் கொடுப்பதில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பவர் பெயரில் உரிமம் இருக்க வேண்டும். உரிமதாரர் இறந்த அன்றே அந்தப் புத்தகம் வெறும் காகிதம். அதில் எந்த வருடம் வரை செல்லும் என்று எழுதியிருந்தாலும் மகனுக்கோ மனைவிக்கோ அது பாதுகாப்பு தராது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 25ஆம் பிரிவில் தண்டனை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அது குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். இதை இன்ஸ்பெக்டர் எடுத்துச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. திருடவில்லை, கள்ளத்தனமாக வாங்கவில்லை, அப்பா 1986 முதல் முறைப்படி வைத்திருந்த பொருள். அதற்காக ஜெயிலுக்குப் போக வேண்டிய நிலை வரும் என்று வீட்டில் யாருமே நினைத்துப் பார்த்ததில்லை. இறப்புச் சான்றைப் பார்த்து, நான் சொன்னது உண்மை என்று தெரிந்துகொண்டு, உடனே ஒப்படைக்கச் சொல்லி விட்டார்கள். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பங்காளித் தகராறு இருக்கிற வீடாக இருந்து, எதிர்த்தரப்பு ஒரு புகார் எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

சட்டத்தின் 21ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. கையில் இருக்கும் துப்பாக்கிக்கு உரிம பலம் போய்விட்டால், தேவையில்லாத தாமதம் இல்லாமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ, ஒப்படைப்பு வாங்க உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையிலோ கொடுத்துவிட வேண்டும். காரியம் முடியட்டும், வாரிசுச் சான்று வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இறப்புச் சான்று வருவதற்கு முன்பே ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம். செய்கிற முறையிலும் கவனம் வேண்டும். முதல் முறை ஸ்டேஷனுக்குப் போகும்போது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உரிமம் இல்லாத ஆள் துப்பாக்கியோடு ரோட்டில் போவதும் குற்றம்தான், வழியில் சோதனையில் மாட்டினால் விளக்கம் சொல்லி மாளாது. வெறும் கையோடு போய், 'இன்னார் இன்ன தேதியில் இறந்துவிட்டார், அவருடைய உரிம எண் இது, துப்பாக்கி எண் இது, இத்தனை தோட்டா இருக்கிறது, ஒப்படைக்க விரும்புகிறோம்' என்று மனு கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அவர்களே ஆளை அனுப்பி எடுத்துக்கொண்டால் நல்லது. கொண்டுவரச் சொன்னால், முத்திரை போட்ட பிரதி, பழைய உரிமப் புத்தகம், இறப்புச் சான்று மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, குழல் வேறு கட்டை வேறாகக் கழற்றி உறையில் போட்டு, தோட்டாவைத் தனிப் பையில் வைத்து, நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள். வழியில் டீக்கடையில்கூட நிற்க வேண்டாம்.

தோட்டாவையும் கணக்கோடு கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அப்பாவிடம் இருந்தது சக்திமான் தோட்டா, 11 எண்ணிக்கை. உரிமப் புத்தகத்தின் பின்பக்கங்களில் கடைக்காரர் ஒவ்வொரு முறை விற்றதையும் எழுதி முத்திரை குத்தியிருப்பார். அதில் கடைசியாக வாங்கியது 25. "மீதி 14 எங்கே?" என்று கேட்டார்கள். அப்பா யானை விரட்ட வானத்தைப் பார்த்துச் சுட்டிருப்பார் என்று எனக்கு ஊகம்தான், ஆதாரம் எதுவும் கிடையாது. உரிமம் வைத்திருப்பவர்கள் ஒரு சின்ன நோட்டில் என்றைக்கு, எதற்கு, எத்தனை தோட்டா செலவானது என்று எழுதி வைத்தால் பின்னால் வீட்டுக்காரர்கள் திணற மாட்டார்கள். வெற்றுக் கூடுகளையும் எறிந்துவிடாமல் ஒரு டப்பாவில் போட்டு வைக்கலாம்.

ஒப்படைத்ததும் தரும் ரசீதுதான் அதற்குப் பிறகு உங்களைக் காப்பாற்றுகிற ஒரே தாள். 'துப்பாக்கி ஒன்று பெறப்பட்டது' என்று ஒரு வரியில் எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வகை, போர், தயாரிப்பு, குழலில் உள்ள எண், உரிம எண், தோட்டா எண்ணிக்கை, வார், உறை, துடைக்கும் கம்பி இருந்தால் அவையும், தேதி, கையெழுத்து, முத்திரை என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பொருள் என்ன நிலையில் இருக்கிறது என்றும் எழுதச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள், தங்கள் பதிவேட்டுக்கும் அது நல்லது என்று பெரும்பாலும் எழுதித் தருவார்கள். கொடுப்பதற்கு முன்னால் நாலா பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் செய்த இன்னொரு தப்பு, கிரீஸ் தடவாமல் கொடுத்தது. பூஜைக்கு அப்பா போட்ட எண்ணெய் ஐந்து மாதத்தில் காய்ந்து போயிருந்தது. ஆகஸ்டில் அனுமதி வாங்கி சேலத்துக் கடை ஒன்றுக்கு மாற்றியபோது, கடைக்காரர் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய உட்புறத்தில், தோட்டா உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால், மிளகு தூவினாற்போலத் துருப்புள்ளிகள். துணியில் எண்ணெய் தோய்த்துக் கம்பியால் இழுத்தபோது துணி செங்கல் நிறத்தில் வந்தது. அப்பாவின் கை பட்ட பொருளை இப்படிப் பார்த்தபோது மனது ரொம்பக் கஷ்டப்பட்டது. ஒப்படைக்கும்போது எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. குழலின் உள்ளும் புறமும், மடங்கும் இடத்திலும், விசைப் பகுதியிலும் கெட்டி கிரீஸ் பூசி, மெழுகுத் தாள் சுற்றிக் கொடுத்தால் இந்தச் சேதம் வராது. கட்டையில் மட்டும் கிரீஸ் படக் கூடாது, மரம் ஊறிவிடும்.

அடுத்து வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியது, துப்பாக்கி நமக்கு வேண்டுமா வேண்டாமா என்பது. இதைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் செய்திருக்க வேண்டும். வேண்டாம் என்றால் வழி சுலபம். வாரிசுகள் ஆட்சியருக்கு மனு போட்டு, கடைக்கோ உரிமம் உள்ள வேறு ஒருவருக்கோ விற்க அனுமதி கேட்கலாம். 21ஆம் பிரிவே ஒப்படைத்தவரின் வாரிசுக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது. காலம் கடத்தினால் நோட்டீஸ் விட்டு அரசே எடுத்துக்கொள்ளும். எங்கள் துப்பாக்கிக்குக் கடையில் 8,000 ரூபாய்தான் மதிப்பு சொன்னார்கள். நான் அப்பாவின் நினைவுக்காகவும், காட்டோரத்தில் தனி வீடு என்பதாலும் வைத்துக்கொள்ள முடிவெடுத்தேன். அந்த முடிவுக்கு வருத்தமில்லை. ஆனால் நினைவுக்காக மட்டும் என்றால், நான் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, போட்டோ எடுத்து மாட்டிவிட்டு விற்றுவிடுங்கள் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்கிறேன்.

வாரிசுக்கு உரிமம் கேட்க 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 25ஆம் விதி இருக்கிறது. மனைவி, கணவர், மகன், மகள், பெற்றோர், உடன்பிறந்தவர் என்று வாரிசு என்பதற்குப் பரந்த பொருள் உண்டு. ஆனால் பழைய உரிமத்தில் பெயரை மாற்றித் தருவது போன்ற வேலை இல்லை இது. புதிதாக ஒருவர் கேட்டால் என்னென்ன பார்ப்பார்களோ அத்தனையும் பார்ப்பார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் 15,000 ரூபாயை இழந்தேன். "பேர் மாத்துறது தானே அண்ணே, ரெண்டு மாசத்துல முடிச்சுத் தர்றேன்" என்று ஒருவர் வந்தார். பட்டா மாற்றம் மாதிரி என்று நம்பிக் கொடுத்துவிட்டேன். மனுவே போடவில்லை என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தேர்தல் நடத்தை விதிகள் ஜூன் 6 வரை இருந்ததால், அந்தக் காலத்தில் புது உரிமம் தரவே மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். இந்த வேலைக்கு இடைத்தரகர் தேவையே இல்லை. விண்ணப்பம் மத்திய உள்துறையின் இணையதளம் வழியாகப் பதிவாகிறது, ஒவ்வொரு உரிமதாரருக்கும் தனி அடையாள எண் ஒன்று விழுகிறது. அப்பாவின் புத்தகத்தில் அந்த எண் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பழைய புத்தகங்களை அந்தப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிப் பல முறை கெடு நீட்டினார்கள். அப்படியும் ஏற்றாமல் விட்ட உரிமம் செல்லாது.

விண்ணப்பப் படிவத்தின் பெயர் ஏ-1. வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் அளவு போட்டோ 4, பிறந்த தேதிச் சான்று, அடையாளச் சான்று, இருப்பிடச் சான்று இவை எல்லோருக்கும் தெரிந்தவை. தடுமாற வைப்பவை எஸ்-1, எஸ்-2, எஸ்-3 என்ற மூன்றும்தான். எஸ்-1 பயிற்சிச் சான்று. துப்பாக்கியையும் தோட்டாவையும் பாதுகாப்பாகக் கையாள்வது, வைப்பது, எடுத்துச் செல்வது, சுடும் முறை, பராமரிப்பு இவற்றில் அங்கீகாரம் பெற்ற இடத்தில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து துப்பாக்கியைப் பார்த்தவன்தானே என்று இதை அலட்சியமாக நினைத்தேன், போன பிறகுதான் தெரிந்தது எனக்கு ஒன்றுமே தெரியாது என்று. கையில் எடுத்ததும் குழலைத் தரைப் பக்கம் சாய்த்து, மடக்கித் திறந்து, கண்ணால் மட்டும் பார்க்காமல் விரலை விட்டுத் தோட்டா இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்பதை அங்கே தான் கற்றேன். எஸ்-2 வீட்டில் எப்படிப் பத்திரமாக வைப்பேன் என்று நாம் கொடுக்கும் உறுதிமொழி. எஸ்-3 உடல்நலமும் மனநலமும் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் தரும் சான்று. மருத்துவமனைக்குப் போகும்போது படிவத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் தன் சீட்டில் 'நலமாக உள்ளார்' என்று எழுதித் தருவதை ஏற்க மாட்டார்கள். நான் அப்படி வாங்கிப் போய் ஒரு நாள் வீணானது.

வாரிசு என்பதால் இதோடு கூடுதலாகச் சேர்ப்பவை அப்பாவின் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, பழைய உரிமப் புத்தகம், ஒப்படைப்பு ரசீது, மற்ற வாரிசுகள் எல்லோரும் தரும் ஆட்சேபணை இல்லை என்ற பிரமாணப் பத்திரம். அம்மாவும் பெங்களூரில் இருக்கும் தம்பியும் கையெழுத்துப் போட்டார்கள். தங்கை கல்யாணமாகிப் போய் இருபது வருடம் ஆகிறதே என்று அவளிடம் வாங்கவில்லை. வாரிசுச் சான்றில் அவள் பெயர் இருக்கிறது, கோப்பு திரும்பி வந்துவிட்டது. வாரிசுச் சான்றில் எத்தனை பெயரோ அத்தனை பத்திரம் வேண்டும். ஒவ்வொன்றிலும் துப்பாக்கி எண்ணும் உரிம எண்ணும் எழுதி, 'இன்னாருக்கு உரிமம் வழங்குவதில் ஆட்சேபணை இல்லை' என்று தெளிவாக இருக்க வேண்டும். சொத்துக்குக் கொடுக்கிற பொதுவான சம்மதப் பத்திரம் இதற்குப் போதாது. இந்த ஒரு தவறு ஆறு வாரத்தைத் தின்றது.

எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக்கே உரிய சிக்கல்கள் இரண்டு. அப்பாவின் உரிமம் தருமபுரி ஆட்சியர் முத்திரையோடு இருந்தது. 2004 பிப்ரவரி 9ஆம் தேதி கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. பின்னால் தேன்கனிக்கோட்டை தாலுகாவிலிருந்து அஞ்செட்டி தனியாகப் பிரிந்தது. உரிமத்தில் ஒரு தாலுகா, ஆதாரில் ஒரு தாலுகா, பட்டாவில் வேறொன்று என்று இருந்தால் ஒரே முகவரிதான் என்பதற்கு வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி முதலிலேயே இணைத்துவிடுங்கள். இதைவிடப் பெரியது சரணாலயம். காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது, காவிரி தெற்கு 2022இல். இரண்டும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் இருக்கின்றன. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்து ஆயுத உரிமம் வைத்திருப்பவர் அறிவிப்பு வந்த மூன்று மாதத்துக்குள் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். அப்பா செய்திருக்கவில்லை, அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. அதே பிரிவுதான் அந்த 10 கிலோமீட்டருக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் புது உரிமம் தரக் கூடாது என்கிறது. வாரிசு உரிமமும் புது உரிமம்தான் என்று எடுத்துக்கொண்டு என் கோப்பு அந்த வழியாகப் போனது. அதற்கு மட்டும் ஐந்து மாதம். அஞ்செட்டி, உரிகம், பென்னாகரம், ஒகேனக்கல் பக்கம் இருப்பவர்கள் தங்கள் நிலம் சரணாலய எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சர்வே எண்ணோடு வனத்துறைக்கும் ஒரு மனுப் பிரதியை ஆரம்பத்திலேயே கொடுத்தால் காலம் மிச்சமாகும். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு அளவெடுக்க ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நடுவில் வந்த இன்னொரு தலைவலி எண். உரிமப் புத்தகத்தில் 1986இல் மையால் எழுதியதில் கடைசி இலக்கம் 3. கடையில் முன்கட்டையைக் கழற்றி, குழலின் அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய்ப் பஞ்சால் துடைத்து, மேலே சாக்கட்டித் தூளைத் தேய்த்துப் பார்த்தபோது தெளிவாக 8. நாற்பது வருடமாக ஒவ்வொரு புதுப்பித்தலிலும் பழைய பக்கத்தைப் பார்த்து அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள், துப்பாக்கியைப் பார்த்து எழுதவில்லை. காகிதப்படி பார்த்தால், உரிமத்தில் உள்ள துப்பாக்கி எங்களிடம் இல்லை, எங்களிடம் உள்ள துப்பாக்கிக்கு உரிமம் இல்லை. கேட்டதும் வயிற்றைக் கலக்கிவிட்டது. முதல் விற்பனைச் சீட்டு அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்ததால் பிழைத்தோம், அதில் 8 என்று இருந்தது. போலீஸ் ஆயுதப் பிரிவில் துப்பாக்கியைப் பார்த்துச் சான்று வாங்கி, சீட்டோடு சேர்த்து, எழுத்துப்பிழையைத் திருத்தச் சொல்லித் தனி மனு போட்டோம். உரிமம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே சாக்கட்டித் தூள் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். ஆள் உயிரோடு இருக்கும்போது இந்தத் திருத்தம் ஒரு மனுவோடு போகும்.

போலீஸ் அறிக்கைக்கு விதிகளில் 30 நாள் என்றும், அறிக்கை வந்த பிறகு ஆட்சியர் முடிவெடுக்க 60 நாள் என்றும் இருக்கிறது. விசாரணையில் பார்ப்பது வயது 21 முடிந்திருக்கிறதா, வன்முறை வழக்கில் தண்டனை உண்டா, நன்னடத்தைப் பிணையில் இருக்கிறாரா, மனநலம் எப்படி என்பவை. நம் ஊர்களில் கோயில் திருவிழாத் தகராறில் இரண்டு தரப்பிலும் பத்துப் பத்துப் பேரை, அமைதி காப்போம் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவில் கோட்டாட்சியர் முன் நிறுத்திப் பத்திரம் எழுதி வாங்குவது சகஜம். இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 126ஆம் பிரிவு. அந்தப் பத்திரக் காலம் முடியும்வரை உரிமம் கிடைக்காது. பழைய வழக்கு எதையும் படிவத்தில் மறைக்காதீர்கள், ஸ்டேஷன் பதிவேட்டில் எல்லாம் இருக்கிறது. நிலம் குறைவாக இருக்கிறது, வசதி இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது, சின்ன விவசாயிகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால்தான் 18ஆம் பிரிவில் மேல்முறையீடு போக முடியும், அதற்குக் கெடு 30 நாள்.

2025 ஏப்ரலில் உத்தரவு வந்தது, மே மாதம் துப்பாக்கி கைக்கு வந்தது. வந்த அன்று அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது உரிமம் 5 ஆண்டுக்கு, முன்பு 3 ஆண்டாக இருந்தது. புதுப்பிக்க முடிவுத் தேதிக்குக் குறைந்தது 60 நாள் முன்பே மனு போட வேண்டும். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், வாரிசாக வந்தாலும் அதே கணக்குதான். உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்குள் என்று இருந்தால் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைக் கடந்த கணமே நிபந்தனை மீறல், அதற்கு 30ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. தளி, அஞ்செட்டிக்காரர்களுக்கு எல்லை எங்கே முடிகிறது என்பது காட்டுப் பாதையில் தெரியாது, அதனால் துப்பாக்கியோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். சரணாலயத்துக்குள் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவது தனிக் குற்றம். கல்யாணத்திலோ திருவிழாவிலோ மகிழ்ச்சிக்காக வானத்தில் சுட்டால், யாருக்காவது ஆபத்து ஏற்படும்படி இருந்தால், 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

பலரும் என்னிடம் கேட்பது, "உரிமம் இருக்குல்ல, பன்றியை அடிக்கலாமே?" என்று. அடிக்கக் கூடாது. ஆயுத உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்ள மட்டும் அனுமதி தருகிறது, விலங்கைக் கொல்ல அனுமதி தருவது வன உயிரினச் சட்டம். ஒரே இரவில் அரை ஏக்கர் கேழ்வரகைப் பன்றிக் கூட்டம் உழுதுவிட்டுப் போவதைப் பார்க்கிறவனுக்கு இது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கும் இருக்கிறது. 2025 ஜனவரியில் காட்டுப்பன்றி பற்றி அரசு அறிவித்த ஏற்பாட்டிலும் சுடுவது வனத்துறை ஆட்கள்தான், விவசாயி இல்லை. பயிர் காக்க, குழல் வாய் வழியாக வெடிமருந்து அடைக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இடம் இருக்கிறது, ஆனால் அதுவும் வன உயிரினச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி உரிமமே இல்லாமல் பரணில் கிடக்கிறது என்றால் அது இன்னும் ஆபத்து. நம் இரண்டு மாவட்டங்களிலும் போலீசும் வனத்துறையும் அவ்வப்போது, தாமாக முன்வந்து ஒப்படையுங்கள் என்று கிராமம் கிராமமாக அறிவிக்கிறார்கள். அந்த நேரத்தில் ஊர்த் தலைவரையோ வக்கீலையோ கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவதுதான் நல்லது.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தரகரிடம் போனது 15,000. பயிற்சிக்கும் தங்கலுக்கும் 5,500. நோட்டரி, பத்திரம், நகல் 2,800. கடையில் வைத்திருந்ததற்கு மாதம் 400 வீதம் 10 மாதம் 4,000. சுவரில் பதித்த இரும்பு லாக்கர் 9,500. கிருஷ்ணகிரி, ஓசூர், சேலம் என்று 22 முறை போய்வர 5,500. மொத்தம் 42,300 ரூபாய். 22 நாள் வேலை போனது தனி. தக்காளி பறிக்க வேண்டிய நாட்களில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அரசுக் கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை, அது இவற்றோடு பார்த்தால் மிகச் சின்னத் தொகை.

இதில் என் மனதை இன்னும் அறுத்துக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்று. அதே 25ஆம் விதி, உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது, உயிரோடு இருக்கும்போதே தான் சொல்லும் வாரிசுக்கு உரிமம் தரச் சொல்லி மனு போடலாம் என்கிறது. அப்பா 1986 முதல் வைத்திருந்தார். 2016இல் விதிகள் வந்த அன்றே அவருக்கு அந்தத் தகுதி இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் துப்பாக்கி எண்ணையும், தோட்டாக் கணக்கையும், வனத்துறைப் பதிவையும் அவரே பக்கத்தில் இருந்து சரி செய்திருப்பார். பயிற்சி, மருத்துவச் சான்று, போலீஸ் அறிக்கை எல்லாம் அப்போதும் உண்டு, ஆனால் குற்றவாளி மாதிரி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வயது 70ஐ நெருங்குகிறது என்றால் இந்த மாதமே அவரை உட்காரவைத்துப் பேசுங்கள். சாவைப் பற்றிப் பேசுவதாக நினைத்து வருத்தப்படுவார், பரவாயில்லை.

எங்கள் வீட்டு லாக்கர் கதவின் உள்பக்கத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. துப்பாக்கி எண், உரிம எண், முடியும் தேதி, தோட்டா எண்ணிக்கை, ஸ்டேஷன் போன் நம்பர், மனுவின் மாதிரி. எனக்கு ஏதாவது ஆனால் அன்றைக்கே அதைப் பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும், துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று என் மனைவியிடமும் மூத்த மகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.